ஷட்டிலுக்காக அடைத்த ஜன்னல்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், வெறும் நலம் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லாத சுத்தமான நலம். நீயும் மாப்பிள்ளையும், நம் எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் அந்தக் குட்டி மகாராணியும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் சொன்னால் சிரித்தே கதை பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் ஆடப்போகும் பேட்மிண்டன் கூடத்தை நடத்துகிறவருக்குத் தாழ்ப்பாள் என்று பேர் வைத்திருக்கிறோம் இல்லையா, லேசாகக் காற்று வந்தாலும் ஷட்டில் திசைமாறிவிடும் என்று மின்விசிறியும் போடமாட்டார், ஒரு ஜன்னலையும் திறக்கவிடமாட்டார். அடைத்த கூடத்தில் இத்தனை பேர் மூச்சிரைக்க ஆடி, பாயிண்டுக்குப் பாயிண்ட் கத்தினால், ஒருவர் விட்ட மூச்சைத்தானே அடுத்தவர் இழுக்க வேண்டும்? முதலில் வங்கி மேலாளர் இருமினார், அந்த வாரமே மாலையில் ஆடுகிறவர்கள் எல்லோரும் இருமல் கச்சேரி. காலையில் ஆடுகிற நாங்கள் தப்பித்தோம். ஆனால் பார், கூடத்தில் நடத்திய போட்டியில் நானும் அப்பாவும் இரட்டையர் இறுதிக்கு வந்துவிட்டோம், இறுதி ஆட்டமும் அதே கூடத்தில், எல்லோர் முன்னாலும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கோப்பைக்கு ஏங்குகிறவள் நான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் குறைமாதத்தில் பிறந்து இப்போதுதான் மூச்சு சீராகியிருக்கிற குழந்தை, சளியோடு வந்தா கிட்டவே விடமாட்டேம்மா என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. ஜன்னலைத் திறந்தால்தான் ஆடுவேன் என்றேன். உங்க ஆட்டமே மெதுவா தூக்கிப் போடுற ஆட்டம், காத்துல கோப்பை போயிடும்மா என்றார் தாழ்ப்பாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கக் கூடாதா என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அசையவில்லை. இருமுகிறவர்களை வராந்தாவுக்கு அனுப்பி எல்லா ஜன்னலையும் திறந்தார்கள்.

ஷட்டில் அடித்த கூத்தை என்னவென்று சொல்ல, வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் போகிறது, ஒருமுறை அப்பா தலையிலேயே வந்து விழுந்தது. படுதோல்வி. அழுவேன் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தோத்ததுக்கா இந்தச் சிரிப்பு என்று அப்பா கடுகடுத்தார். அடுத்த வாரம் பேத்தியைத் தூக்கப்போறோமே என்றேன். மனிதர் கோபத்தை அப்படியே மறந்து, கோர்ட் நடுவில் நின்று மட்டையை இரண்டு கையிலும் ஏந்தி, தலையை இப்படித்தானே தாங்கிக்கணும் என்று கேட்டார். ஜெயித்தவர்கள் படமெடுக்கக் காத்திருந்தார்கள், இவர் நகரவே இல்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். ஜிம்மிலிருந்து வந்ததும் மாப்பிள்ளையைக் குளித்துவிட்டுக் குழந்தையிடம் போகச் சொல். எங்களை அழைத்துப்போக வருகிறேன் என்று குழந்தையை விமான நிலையத்துக்குத் தூக்கி வந்துவிடாதே, அங்கே ஒரே கூட்டம். நாங்களே ஓடி வருகிறோம்.

இப்படிக்கு,
தோற்ற சந்தோஷம் இன்னும் அடங்காத
அம்மா