லிவிட் என்று எழுதியிருந்தாய்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா? போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் உன் அலுவலக விலாசத்துக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டில் புதிதாக மாட்டிய திரைச்சீலையைப் படமெடுத்து நீ போனில் அனுப்பியதைத் தம்பி காட்டினான். அதன் கீழே, சாவியைத் தொலைத்துவிட்டேன், அவர் லிவிட் என்று நீ எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டேன். அவனைக் கேட்டால், ஒண்ணுமில்லம்மா, சும்மா கோபம் என்று போனைப் பிடுங்கிக்கொண்டான். மறுநாள் நூலகத்தில் என் வேலையாகப் புத்தகங்களை அடுக்கும்போது பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அடிபட்டுக் கன்றிய கருநீல நிறம் என்று போட்டிருந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நூலகர் வந்து அடுத்த வரியைக் காட்டி, பயப்படாதீங்கக்கா, இது கோபத்தத்தான் சொல்லுது, ஆனா சின்ன எரிச்சலுக்கெல்லாம் இத போட மாட்டாங்க, முகமே நிறம் மாறுற அளவு கோபம் வந்தாத்தான் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்குப் பயம்தான் கூடியது. ஒரு சாவிக்கா அவ்வளவு கோபம்? மூன்று வாரமாக வீடியோவில் முகம் காட்டாமல் பேசுகிறாயே, கேமரா சரியில்லை என்கிறாயே, அது நிஜமா?

அப்பாவிடம் சொன்னேன். ஆம்பளைன்னா கோபம் வராதா, நீ ஒண்ண ரெண்டாக்காதே என்றார். போன வருடம் நீ அழுதபோது நானும் கொஞ்சம் அனுசரிச்சுப் போடி என்றுதானே சொன்னேன். நான் சொன்னது தப்பு கண்ணு. அதை மனதில் வைத்துக்கொண்டு எதையும் மறைக்காதே. யார் என்ன சொல்வார்களோ என்றும் பார்க்காதே, அந்தப் பேச்சையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்லி இரண்டு நாள் ஆகிறது. இன்று காலை உன் அறையில் சத்தம் கேட்டுப் போனால், அப்பா என் தையல் மிஷினைத் தனியாக இழுத்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார். இடுப்பு பிடிச்சுக்கப் போகுது, எதுக்கு இதெல்லாம் என்றேன். அவ வந்தா கட்டில் போட இடம் வேணாமா என்றார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. பாஸ்போர்ட்டை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், மறக்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா