கிளையில் தொங்கிய ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பைத் தரட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கரடி திறக்க முடியாதபடி இந்த வனப் பூங்கா முழுக்க இரும்புக் குப்பைத்தொட்டி வைத்தோம். சுற்றிப்பார்க்க வருகிறவர்களோ மிச்ச ரொட்டியைப் பையில் கட்டிப் பக்கத்து மரக்கிளையில் மாட்டுகிறார்கள். தடுத்தால், "ரொட்டியப் போய் குப்பையில போடுவாங்களாடா? பாவம் புடிச்சவனே!" என்று ஏசுகிறார்கள். நீங்களே திட்டுவது போல இருக்கும்.

அந்தப் பைகளுக்குப் பழகிய தாய்க்கரடி, ஆட்களை நெருங்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை வனக்காவலர்கள் அதைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. குட்டி மட்டும் இன்னும் அந்த மரத்தடிக்கு வருகிறது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ரொட்டியைச் சின்னதாகவே சுடுங்கள் அம்மா, தின்ன நான் ஒருவன்தானே. போன முறை மிஞ்சியதைத் தொட்டியில் போடக் கை வரவில்லை. பூஞ்சையைச் சுரண்டிவிட்டுத் தின்றேன்.

குப்பை வண்டி வந்துவிட்டது.

உங்கள் அங்கேல்