ஆருக்காக இந்தப் பலம்?

இஞ்சேருங்கோ,

நேற்றுப் பின்னேரம் தெருமுனைச் சுப்பர்மார்க்கெற்றில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், பளபளவென்ற பைக்கற்றுகளில் சின்னச் சின்னச் சிவப்பு வற்றல் பழங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உங்களோடு உணவகக் குசினியில் சமைத்த சீன அண்ணையின் பழம்தான். கடதாசிப் பையில் சுருட்டி, ஜக்கெற்றின் உள்பொக்கற்றில் ஒளித்துக்கொண்டு வருவீர்களே, அதே பழம். இப்போது ஜெர்மன்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். காசு வாங்குகிற சின்னப் பெட்டை, "எடுங்கள், தோலுக்கு நல்லது, முகம் சுருங்காது" என்று ஜெர்மனில் சொன்னாள். முகத்துக்கோ! என்னால் அடக்க முடியவில்லை. வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். நான் சொன்ன மறுமொழியைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நீங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வீர்கள்.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சீன உணவகத்தில் குசினி வேலை செய்த காலம் அது. நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை. நான் எழும்பிப் போகும்போது நீங்கள் நித்திரை, நீங்கள் வரும்போது நான் நித்திரை. இந்தக் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு அதுதான் சீவியம், அதைப் பற்றி நான் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அந்த ஒரு நாள் எங்களுக்கென்று இருந்தது. பிறகு அந்த நாளிலும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினீர்கள்.

களைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மாதங்கள் போயின, வருடமும் போனது. நான் கிட்ட வந்தால், "நாரி நோகுதப்பா" என்று இடுப்பைப் பிடித்தீர்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று என் நரையையும் வயிற்றையும் நானே வடிவாகப் பார்த்தேன். அப்படி ஒன்றும் மோசமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் மனம் நொந்தது. நொந்தது என்றால் சும்மா இல்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழும்பிய நாட்கள் உண்டு.

இந்த நேரத்தில்தான் உங்கள் சாப்பாடு மாறியது. திடீரென்று வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் கட்டுக் கட்டாக வந்தது. லீக்ஸும் றாலும் ஒன்றாகப் போட்டு வறுப்பீர்கள். ஆட்டெலும்புச் சூப்பில் இஞ்சியை அள்ளிப் போடுவீர்கள், மேலே இந்தச் சிவப்புப் பழம் மிதக்கும். வேலைக்குப் போகும்போது பொக்கற்றில் ஒரு பிடி வால்நட். வீடு முழுக்கக் கறுத்த எள்ளு. "என்னப்பா இது, கடை வைக்கப் போறியளோ?" என்று கேட்டேன். "உடம்புக்கு நல்லதாம்" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் கணக்கு. றால் சூடு, ஆட்டிறைச்சி சூடு, எள்ளும் சூடு. மனுசன் சூடு பிடித்துக் கண் எரிந்து சாகப் போகிறாரே என்று நான் ஒவ்வொரு திங்களும் மோர் கரைத்து, வெந்தயம் ஊறவைத்துத் தந்தேன். நீங்களும் ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்கள். சீன அண்ணை மூட்டிவிட்ட அடுப்பை நான் மோர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதானே எனக்குத் தெரியும்.

உழுத்தங்களி கிண்டிய நாளை மறக்க முடியுமா? நான் வேலையால் வந்து பார்க்கிறேன், பெரிய சட்டியில் உழுத்தம்மாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் கொதிக்கிறது, நீங்கள் வேர்க்க வேர்க்கக் கிண்டுகிறீர்கள். எங்கள் ஊரில் அதை வயதுக்கு வந்த பெட்டைகளுக்குத்தானே கிண்டிக் கொடுப்பார்கள்?

"என்னப்பா, பெரியபிள்ளை ஆகிட்டியளோ? தண்ணி வார்க்க ஆக்களுக்குச் சொல்லட்டோ?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. சட்டியையும் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டீர்கள். பகிடிக்குச் சிரிக்காத மனுசன் இல்லையே நீங்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அடுத்த கிழமை நீங்கள் மூக்குக்கண்ணாடியை மறந்து விட்டுவிட்டுப் போனீர்கள். நான் அதைக் கொண்டுபோய் உணவகத்தின் பின்கதவைத் தட்டினேன். சீன அண்ணைதான் திறந்தார். அவரை நான் காண்பது அதுதான் முதல் தடவை. கட்டையான மனிதர், கையில் கத்தி, முகம் முழுக்கச் சிரிப்பு. நான் யாரென்று தெரிந்ததும் பெருவிரலை உயர்த்தினார். "சூப் நல்லம்? லீக்ஸ் நல்லம்? மனுசன் இப்ப பலம்?" என்று உடைந்த ஜெர்மனில் கேட்டார். நான் விளங்காமல் முழிக்க, தன் நாரியில் கையை வைத்துக் காட்டினார். "ஆம்பிளை அடுப்பு இங்கே. சிறுநீரகம். கறுப்புச் சாப்பாடு, சூடான சாப்பாடு, அடுப்பு எரியும். மனைவி சந்தோசம்!"

மனைவி சந்தோசமாம். நான் கண்ணாடியை அவர் கையில் வைத்துவிட்டு ட்ராமில் ஏறினேன். சீனர் ஆம்பிளைப் பலத்துக்குச் சாப்பிடுகிற சாப்பாட்டை என் மனுசன் சட்டி சட்டியாகச் சாப்பிடுகிறார். ஆனால் என் பக்கம் திரும்புவதே இல்லை. அப்படியென்றால் அந்தப் பலம் எங்கே போகிறது? இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

வீட்டுக்கு வந்த கையோடு கனடாவில் இருக்கிற அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிள்ளையின்ரை பள்ளிக்கூட லீவு தொடங்க நான் அங்கை வாறன் அக்கா. இனி எனக்கு இஞ்சை இருக்கேலாது" என்றேன். அக்கா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "வா" என்று மட்டும் சொன்னா. அன்றைக்கே சூட்கேசை நிலவறையில் இருந்து மேலே கொண்டுவந்து துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை வந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நீங்கள் மேசையில் இருந்து எள்ளுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், பக்கத்தில் கோலாப் போத்தல். சூட்கேசைக் கொண்டுவந்து உங்களுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்:

"சொல்லுங்கோ. ஆருக்காக இந்தப் பலம்?"

உங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கையில் பாதி உருண்டை அப்படியே இருந்தது.

"ஒருத்தியும் இல்லையப்பா."

"அப்ப ஏன் இந்த எள்ளும் றாலும்? சீன அண்ணை எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டார்."

"எனக்கு ஏலாமல் போச்சு" என்றீர்கள். "உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஏலாத மனுசனோடை இருக்கிறன் எண்டு நீர் நினைச்சிடுவீரோ எண்டு பயம். நல்லா வந்த பிறகு உம்மட்டை வருவம் எண்டு பார்த்தன். வரேல்லை."

நீங்கள் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். இயக்கத்துக்கும் ஆமிக்கும் நடுவால் ஓடிவந்தபோதும் அழாத மனுசன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் முதுகோடு முதுகாகக் கிடந்து, நான் எனக்குக் குறை என்று நினைக்க, நீங்கள் உங்களுக்குக் குறை என்று நினைக்க! இந்தக் கதையை ஒரு சீனருக்குப் பாதி ஜெர்மனில் சொல்ல முடிந்ததாம், பெண்டாட்டிக்குத் தாய்மொழியில் சொல்ல முடியவில்லையாம்! நன்றாக ஏசினேன். ஏசிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருந்தேன். அதுவும் உங்களுக்கு நினைவிருக்கும்.

டொக்டரைப் பார்க்க நாள் எடுக்கிறேன் என்றபோது திரும்பவும் பின்வாங்கினீர்கள். எப்போதும் மகள்தானே வந்து மொழிபெயர்ப்பாள். "பிள்ளையைப் பக்கத்திலை வச்சுக்கொண்டு இதை எப்பிடியப்பா கதைக்கிறது?"

"பிள்ளை வேண்டாம். நான் கதைக்கிறன்" என்றேன்.

உங்களுக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் நினைத்தீர்கள், கூட்டித் துடைக்கிற ஜெர்மன்தான் எனக்குத் தெரியும் என்று. முதியோர் இல்லத்துக் கிழவிகள் எனக்கு என்னென்ன சொல் படிப்பித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உடம்பில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் எனக்கு ஜெர்மனில் பெயர் தெரியும்.

டொக்டர் அம்மாவுக்கு முன்னால் நேராகவே சொன்னேன். நீங்கள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. தாகம் கூடவா, அடிக்கடி சலம் கழிக்கிறாரா, உடம்பு மெலிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம்தான். விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். எள்ளுருண்டை எப்படிச் செய்வது என்று கேட்டார். எள்ளில் பாதிக்குப் பனங்கட்டி என்றேன். களிக்கும் அப்படியே. டொக்டர் அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

சீனி வருத்தம், நீரிழிவு. அதுவும் கனகாலமாக. நரம்பையும் சின்ன இரத்தக்குழாய்களையும் சீனி கெடுக்கும், பல ஆண்களுக்கு முதலில் தெரிகிற குறி இந்த ஏலாமைதான், வெட்கப்பட்டு வராமல் விடுகிறார்கள், நீங்கள் வந்தது நல்லது என்றார். நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்படியென்றால், அவருக்கு என்னில் ஆசை இல்லாமல் போகவில்லைத்தானே?"

டொக்டர் அம்மா சிரித்துவிட்டு உங்களைப் பார்த்தார். உங்கள் காது சிவந்துவிட்டது.

"விசரி," என்றீர்கள் தமிழில், "அதையும் போய் டொக்டரிட்டைக் கேக்கிறதோ? என்னட்டைக் கேளும்."

"சரி, கேக்கிறன். சொல்லுங்கோ."

"ஒருநாளும் போகேல்லை."

டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. நான் மூக்கைச் சீறிக்கொண்டு மாத்திரைச் சிட்டையை வாங்கினேன்.

நேராக உணவகத்துப் பின்கதவுக்குப் போய்ச் சீன அண்ணையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அந்த மனிதர் பாவம். சீனி என்று கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் எள்ளு சொன்னேன்! சும்மா எள்ளு! சூப்பில் ஒரு கரண்டி! யார் சீனி சொன்னது?" யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு எள்ளென்றால் இனிப்புத்தான், அதை யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் கறுத்த பயறு என்றதற்கு நீங்கள் உளுந்தைப் பிடித்தீர்கள். ஐஸ் போட்ட கோலா அடுப்பை அணைத்துவிடும் என்று அவர் சொன்னதற்கு, கோலாவைப் பிரிட்ஜுக்கு வெளியே வைத்துக் குடித்தீர்கள். இதை நான் சொல்ல, சீன அண்ணை அங்கே இருந்த வெங்காய மூட்டையில் குந்திவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். அவர் உங்களுக்கு முதல் முதல் சொன்னது லீக்ஸும் இல்லையாம், றாலும் இல்லையாம். "மனைவியோடு ஒரே மேசையில் இருந்து, மெதுவாக, சூடாகச் சாப்பிடு. கவலையோடு சாப்பிடாதே." அது மருந்து மாதிரி இல்லை என்று நீங்கள் அதை விட்டுவிட்டு, கடையில் வாங்கக்கூடியதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தான்.

பிறகு எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று நான் பொய் எழுதமாட்டேன். மாத்திரை, நடை, இனிப்பில்லாத தேத்தண்ணி. அடுப்பு சில நாள் எரிந்தது, சில நாள் எரியவில்லை. எரியாத நாளில் நீங்களே பகிடி விட்டீர்கள்: "இண்டைக்குச் சீன அண்ணையும் லீவு." நான் சிரிப்பேன். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது அன்றோடு நின்றது. திங்கட்கிழமைகளில் ஒரே மேசையில், அந்த ஆட்டெலும்புச் சூப், இஞ்சி, சிவப்புப் பழம். அது சிறுநீரகத்துக்கு நல்லதோ இல்லையோ, எனக்கு நல்லாயிருந்தது. போன மாசியில் உங்கள் நெஞ்சு நிற்கும் வரைக்கும் நாங்கள் சந்தோசமாக இருந்தோம். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், ஒரு பெடியனையும் விரும்பியிருக்கிறாள். நல்ல பெடியன். அவளுக்கு இந்தக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்!" என்று காதைப் பொத்தினாள். பொத்தட்டும். "அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், அண்டைக்கே கேள். சூட்கேஸ் துடைக்கிற வரைக்கும் வச்சிருக்காதை" என்றேன். காதைப் பொத்திய கைக்குள்ளால் அது கேட்டிருக்கும்.

சரி, கடையில் சொன்ன மறுமொழி. "பிள்ளை, என் மனுசன் இதை முகத்துக்குச் சாப்பிடவில்லை, ஆம்பிளைப் பலத்துக்குச் சாப்பிட்டவர்" என்று நல்ல தெளிவான ஜெர்மனில் சொன்னேன். அவளுக்கு முகம் இந்தப் பழம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் பொல்லை ஊன்றி நின்ற ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார்.

"பிறகு? உதவியதா?" என்று கேட்டார்.

"பழம் என்ன செய்ததோ தெரியாது" என்றேன். "ஆனால் மனுசன் வாயைத் திறந்தார். நான் கனடாவுக்குப் போகவில்லை."

ஒரு பைக்கற் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்குத் திங்கட்கிழமை. சூப் அடுப்பில் இருக்கிறது. சீனி போடவில்லை, பயப்படாதேங்கோ.