பெர்சிஸ் அக்காவுக்காக ஒரு ஜெபம்

ஜூலை 2, புதன்
தமிழ் வீட்டுப்பாடம்: 'அவதூறு' – சொற்றொடரில் அமைத்து எழுதுக. "பகைவன் அரசன்மீது அவதூறு பரப்பினான்" என்று எழுதியிருந்தேன். டீச்சர் சரி போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. எந்த அரசனை எனக்குத் தெரியும்?

ஜூலை 4, வெள்ளி
பெண்கள் ஜெபக்கூட்டம் இந்த வாரம் எங்கள் வீட்டில். நான் காபி கொண்டுபோனபோது அம்மா ஜெப விண்ணப்பம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம பெர்சிஸுக்காக ஜெபிச்சிக்கோங்க. மேலப்பாளையத்துல எவனோ ஒருத்தன் பைக்ல வந்து இறங்குதாளாம். பிள்ளை வழிதவறிரக் கூடாது."
எல்லாரும் கண்ணை மூடினார்கள். மூடுவதற்கு முன் எதிர்வீட்டு மாமி, "யாரு, ஓய்வுநாள் பள்ளி டீச்சரா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு
அக்காவின் வகுப்பில் பாதிப் பாய் காலி. "ஏட்டி கெசியா, ஊருக்கே காய்ச்சலா?" என்று அக்கா சிரித்தாள். நான் குனிந்துகொண்டேன். ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வகுப்பு எடுக்க வேண்டாம் என்றாராம்.

ஜூலை 7, திங்கள்
அகராதி பார்த்தேன். பொய்ப்பழி, பெயரைக் கெடுக்கும் பேச்சு. ஆனால் அம்மா பொய் சொல்லவில்லையே? ஜெபம்தானே கேட்டாள்? பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?
'பகைவன்' என்பதை அடித்தேன். அந்த இடத்தில் யாரை எழுதுவது?

ஜூலை 9, புதன்
அக்காவிடமே கேட்டுவிட்டேன். "மேலப்பாளையத்துல என் கூட்டுக்காரி நஃபீஸத் வீட்டுல, டீச்சர் வேலைக்கு எழுதுத டெட் பரீட்சைக்குப் படிக்கோம்ட்டி. இருட்டிட்டுன்னா அவ வாப்பா பஸ் ஸ்டாப்புல கொண்டாந்து விடுவாக. தாடியெல்லாம் வெள்ளை. பைக்கு அவுகளவிடக் கிழடு." சிரித்தவள் நிறுத்தினாள். "யாரு சொன்னா?"
டியூஷனுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.
அம்மாவிடம் வந்து எல்லாம் சொன்னேன். "அப்படியா! நல்லதாப் போச்சு. நான் ஜெபிக்கத்தான சொன்னேன்?"
"அப்ப இதையும் போய்ச் சொல்லும்மா."
"ஏட்டி, உன் சோலியப் பாரு."
வாப்பாவாக இல்லாமல் நஃபீஸத்தின் அண்ணனாக இருந்திருந்தால்? அப்போது மட்டும் பேசலாமா?

ஜூலை 11, வெள்ளி
கூட்டம் எதிர்வீட்டில். "விண்ணப்பம் இருக்கா?" என்றார் மாமி. எழுந்துவிட்டேன்.
"பெர்சிஸ் அக்கா கூட்டுக்காரி நஃபீஸத் வீட்டுல டெட் பரீட்சைக்குப் படிக்காங்க. அவங்க பாஸாகணும். அவங்களைப் பைக்ல கொண்டுவந்து விடுத நஃபீஸத் வாப்பாவுக்கு முட்டுவலி சரியாகணும்."
முட்டுவலி நானாகச் சேர்த்தது. இருக்கத்தான் செய்யும்.
யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு
வகுப்பை வேறொரு டீச்சர் எடுத்தார்கள். அக்கா கோயிலில் கடைசி பெஞ்சில், தனியாக. அம்மா தன் வழக்கமான இடத்தில் உட்காராமல் நேரே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப்புத்தகத்தை விரித்து இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.
அக்கா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பாடவில்லை.