செவலை நக்கும் வரப்பு

சுரக்குடி
ஆவணி 12

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் தம்பி அகரனும் நானும் நலம், லூதியானா ரொட்டி உன் உடம்புக்கு ஒத்துப்போயிருக்கும் என்று நம்புகிறேன். புதுப் பாசனம் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதற்குப் பதில் எழுத இருபது நாள் தாமதம். போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பக்கத்தில் மீத்தேன் குறைப்புத் திட்டத்து ஆள் சிவநாதன் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

குறுவைக்கு நீ சொன்னபடி காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் கட்டினோம். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுகிறோம். தண்ணீர் மிச்சம்தான், மறுக்கவில்லை. வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சிவநாதன் சொன்னபோது, பக்கத்து வயல் உத்திராபதி மாமா, "ஏந்தம்பி, எங்கள கேக்காமயே தோண்டி எடுத்துட்டியளா?" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது நம் செவலைப் பசுவால். கீழண்டை வரப்பில் கட்டினால் புல்லை விட்டுவிட்டு மண்ணை நக்குகிறது, மேலண்டையில் நக்குவதில்லை. அப்பாவிடம் சொன்னால், "மாடுன்னா நக்கத்தாண்டி செய்யும், ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல" என்கிறார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் சும்மா இருப்பேனா? இரண்டு வயல் மண்ணையும் கரைத்து வடிகட்டி, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட லேபில், உப்பிருந்தால் வெள்ளையாகத் திரளும் சில்வர் நைட்ரேட்டை விட்டேன். மேலண்டை லேசாகக் கலங்கியது, கீழண்டை தயிராகத் திரண்டது. மேலண்டைக்கு வாய்க்கால் தண்ணீர், கீழண்டைக்கு போர்வெல் தண்ணீர், அதில் உப்பு. வயல் காயக் காய அந்த உப்பு மேலே ஏறுகிறது என்று நினைக்கிறேன். சிவநாதன் குழாய்க்குள் மட்டும்தான் எட்டிப் பார்க்கிறான். சம்பாவுக்கும் இரண்டு வயலையும் திட்டத்தில் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறான், என்ன அவசரமோ.

மறைக்காமல் எழுதுகிறேன், நடுவில் உன்மேலும் சந்தேகம் வந்தது. உன் ஆய்வுக்காக நம் வயலைக் கெடுத்துவிட்டாயோ என்று உன் பழைய மெசேஜை எல்லாம் தேடினேன். "வாய்க்கா தண்ணி பாயுற வயல்ல மட்டும் வைங்கம்மா" என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். ஒரு குழாய் மிச்சம் கிடக்கிறதே, வீணாவானேன் என்று கீழண்டையிலும் புதைக்கச் சொன்னவள் நான்தான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுக் காலை நானே போய் அதைப் பிடுங்கிவிட்டேன். மேலண்டைக்கு மட்டும் கையெழுத்துப் போடுவேன்.

ஐப்பசி மழை அந்த உப்பைக் கழுவிவிடுமா, கீழண்டையில் சம்பா பிழைக்குமா, உடனே எழுது. இரண்டு மண்ணையும் பாட்டிலில் பேரெழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது நீயே சோதித்துப் பார், நான் சொன்னேன் என்று எதையும் நம்பிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. திருநள்ளாற்று ஈசன் உன்னைக் கண்போலக் காக்கட்டும்.

உன் அம்மா,
திரிபுரசுந்தரி