ஒரு டிராக்டர், ரெண்டு ஓனர்

செப்டம்பர் 4, வியாழன்

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது செல்லத்தாய் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம டிராக்டர் வருது." ஏதோ நாலு கோழிக்குஞ்சு வாங்கியதைச் சொல்வதுபோல.

டிராக்டர் வாங்கலாமா என்று பேசியது உண்மை. வாங்கியே விட்டோம் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். போன மாதம் பேங்கில் அவள் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மனைவி காட்டும் இடத்தைப் படித்துப் பார்த்தா போடுவார்கள்?

"யாரு பேர்ல?"

"ஒங்க பேர்லயும் தம்பி பேர்லயும். பாதி பாதி."

தம்பி என்றால் காசிமாயன். அவளுடைய உடன்பிறந்தவன். அவன் காடும் எங்கள் காடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு வரப்பு. அவனோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் சின்னதல்ல. அவன் மகள் காதுகுத்துக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் பெரிய பிளக்ஸ் வைத்தான். வரிசையாக எல்லார் தலையும். என் தலை மட்டும் கண்ணை மூடியிருந்தது. அதுவும் அதைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? பரவையிலிருந்து சுபலட்சுமி சின்னம்மா மாலையோடு அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது நான். அவள் மயங்கி விழுந்தாள்.

அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. காசிமாயன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான். அதுதான்.

அவனோடு பாதி டிராக்டரா? எந்தப் பாதி?

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம். சின்ன வண்டிதான், ஆனால் லாரியிலிருந்து இறங்கும்போது தெருவே எழுந்து நின்றது.

கம்பெனியிலிருந்து ஜெய்சன் என்று ஒரு மெக்கானிக் வந்திருந்தார். ஆயில் எங்கே பார்ப்பது, தண்ணீர் எங்கே ஊற்றுவது, எந்த லீவர் எதற்கு, எல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் வண்டிக்கு இந்தப் பக்கம், காசிமாயன் அந்தப் பக்கம். நான் செல்லத்தாயிடம், "கிளச்ச எம்புட்டு மிதிக்கணும்னு கேளு" என்பேன். அவன், "அக்கா, டீசல் வடிகட்டிய எப்ப மாத்தணும்னு கேளு" என்பான். ஜெய்சன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இவங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்றார்.

எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் யார் ஏற்றுவது என்று ஒரு பிரச்சினை வந்தது. ஜெய்சனே ஏற்றிவிட்டார். எங்கள் டிராக்டரின் முதல் எலுமிச்சம்பழம் யாரோ ஏற்றியது.

போட்டோ எடுத்தார்கள். நான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தேன். பார்த்தேன். பேயைக் கண்டவன் மாதிரி இருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஓட்டினேன். முன்னால் போவது சுலபம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

செல்லத்தாய் தீர்ப்பு: திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிறு வண்டிக்கு லீவு.

செப்டம்பர் 11, வியாழன்

அவன் குள்ளம். நான் உயரம். அவன் ஓட்டிய மறுநாள் சீட்டில் ஏறினால் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. பின்னால் தள்ளி வைப்பேன். அடுத்த நாள் அவன் முன்னால் இழுப்பான். அந்த சீட்டுதான் இந்த வீட்டில் அதிகமாக உழைக்கிறது.

இன்று அதைவிட மோசம். அவன் ஹாரனை மாற்றியிருக்கிறான். ஆடு கத்துவது மாதிரி ஒரு ஹாரன். எந்தக் கடையில் விற்கிறார்கள் இதை? எங்கள் வீட்டு முன்னால் வந்து வேண்டுமென்றே அடித்தான் - ம்ம்ம்மே! பட்டியில் இருந்த என் ஆடுகள் எல்லாம் தட்டியைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடின. கிடாவும் ஓடியது. அதற்கு என்ன அவசரமோ.

நான் காசிமாயனைத் திட்ட முடியாது. பேச்சில்லையே. ஆட்டைத்தான் திட்டினேன். "ஏய், வெக்கமில்ல? யாரு பின்னாடி போறோம்னு பாத்துப் போ!"

அவன் திரும்பாமலே வானத்தைப் பார்த்துச் சொன்னான்: "ஆட்டுக்குத் தெரியிது, யாரு நல்லவன்னு."

இது பேச்சு ஆகாது. வானத்திடம் சொன்னது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

ரொட்டவேட்டர் வந்து நாலு நாள் ஆயிற்று. மண்ணைக் கிளறித் தூளாக்கும் கருவி. அதை டிராக்டரின் பின்னால் இருக்கும் இரண்டு கைகளில் மாட்ட வேண்டும். ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், இன்னொருவர் தள்ளி நின்று வலது, இடது சொல்ல வேண்டும். கை ஓட்டையும் கருவி ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் இரும்புப் பின்னைச் செருக முடியும். "நடுவுல மட்டும் ஆள் நிக்கவே கூடாதுண்ணே" என்று ஜெய்சன் போனில் பலமுறை சொன்னார்.

ஏற்பாடு இப்படி: நான் சீட்டில். காசிமாயன் பின்னால் ஓரமாக. செல்லத்தாய் எங்கள் இருவருக்கும் நடுவில், வேப்பமரத்தடியில். அவன் அக்காவிடம் சொல்வான், அக்கா என்னிடம் சொல்வாள். அவள் அவனைப் பார்த்து நிற்பதால் அவனுடைய வலது அவளுக்கு இடது. அதில் கொஞ்சம் வண்டி ஆடியது. பரவாயில்லை, சமாளித்தோம். இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

அப்போது அவளுக்கு போன் வந்தது. எனக்கு அது தெரியாது. என்ஜின் சத்தத்தில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"வாங்க, வாங்க! இம்புட்டுத் தூரம் வந்துட்டு என்ன யோசன? தாராளமா வாங்க!"

நான் தாராளமாகப் போனேன்.

"நேரா வந்துருங்க, எதுக்கும் நிக்காதீங்க!"

நிற்கவில்லை. காசிமாயன் கையை ஆட்டினானாம். நான் பார்த்தால்தானே. கருவியையும் தள்ளிக்கொண்டு, வைக்கோல் படப்புக்குள் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். மேலிருந்து பாதிப் படப்பு என் தலையில் சரிந்தது. வெளியே தெரிந்தது வண்டியின் முன் விளக்கு இரண்டும்தான் என்று செல்லத்தாய் சொல்கிறாள்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் போனைப் போட்டது சுபலட்சுமி சின்னம்மா. அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னை வைக்கோலுக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் செல்லத்தாய் சொல்லிவிட்டாள்: "இனி நடுவுல நான் நிக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் கடவுள் வாயி குடுத்துருக்கான்ல?"

செப்டம்பர் 16, செவ்வாய்

வைக்கோலை மறுபடி அடுக்கினோம். நானும் அவனும். பேசவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புது முறை. விசில். யார் சொன்னது என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒரு விசில் வலது, இரண்டு விசில் இடது, நீளமாக அடித்தால் நில்.

நன்றாகத்தான் போனது. அவன் நீளமாக ஒரு விசில் அடித்த நேரம் பார்த்து மேலத்தெரு முனீஸ்வரி அக்கா தண்ணிக்குடத்தோடு எங்கள் வழியாகப் போனாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏண்டா, காதுகுத்து வச்ச மக இருக்கு ஒனக்கு. இந்த வயசுல விசிலு கேக்குதா?"

காசிமாயன் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தான். நான் அவனிடம் பேசவில்லை, அக்காவிடம்தான் சொன்னேன்: "அது ஒங்களுக்கு இல்லக்கா. டிராக்டருக்கு அடிச்சான்."

"டிராக்டருக்கா? அது என்ன கொமரிப் பொண்ணா?"

அவள் போன பிறகு நான் கிழக்கே திரும்பிச் சிரித்தேன். அவன் மேற்கே திரும்பிச் சிரித்தான். அவன் தோள் குலுங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று அவன் வண்டியில், நான் விசில். எனக்கு விசில் வராது. காற்றுதான் வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை. நல்ல மழை. ஓடையில் தண்ணீர் போகிறது.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் முடியவில்லை. எங்களுடையது மழையை மட்டும் நம்பிய மானாவாரி. ஈரம் இருக்கும்போதே உழுது விதைத்தாக வேண்டும். போன வருஷம் வாடகை டிராக்டர் வந்து சேர்வதற்குள் ஈரம் போய்விட்டது. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது.   அதன் பிறகுதான் செல்லத்தாய் டிராக்டர், டிராக்டர் என்று ஆரம்பித்தாள்.

இப்போது வாசலிலேயே டிராக்டர் நிற்கிறது. ரொட்டவேட்டர் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் இரண்டு ஆம்பிளைகள்.

ஜெய்சனுக்குப் போன் போட்டேன். தங்கச்சிக்கு நிச்சயதார்த்தமாம், புதன்கிழமை வரை வர முடியாதாம். "பேசிக்கிட்டே பண்ணுங்கண்ணே, அம்புட்டுத்தான் விசயம்" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்



காலையில் வெயில் வந்ததும் ஆரம்பித்தோம். நான் சீட்டில். ஒரு பக்கம் இரும்புப் பின் இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம் ஒரு விரல் அகலம் இடிக்கிறது. விசில், விசில், விசில். கோபத்தில் அவன் உள்ளே போய் நடுவில் குனிந்துவிட்டான் - கடப்பாரையை வைத்து நெம்ப. ஜெய்சன் எத்தன தடவ சொன்னாரு? நானும் வண்டிய நியூட்ரல்ல போடல. கால் முழுக்கச் சேறு. கிளச்சிலிருந்து செருப்பு வழுக்கிருச்சு. வண்டி ஒரு குதி குதிச்சுப் பின்னால போச்சு -

"மாப்ள! வெளிய வா! மாப்ளேய்!"

எனக்குள் எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். நான் பிரேக்கை நின்றுகொண்டு மிதித்தேன். என்ஜின் அணைந்துவிட்டது.

சத்தமே இல்லை. இறங்கி ஓடினேன். சேற்றில் மல்லாந்து கிடந்தான், கண்ணை மூடிக்கொண்டு. மூடிய கண்ணைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. "மாப்ள, டேய் மாப்ள, கண்ணத் தொறடா!"

ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மொத பேசுனது நீங்கதான் மச்சான்."

அடித்தேன். சேற்றை அள்ளி அவன் மூஞ்சியில் அடித்தேன். அவன் திருப்பி அடித்தான். செல்லத்தாய் ஓடிவந்து பார்க்கும்போது இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். நான் அழுததாக அவள் சொல்கிறாள். அது சேறு.

பிறகு வாயால் சொன்னான்: "மச்சான், லேசா வலது. இன்னுங் கொஞ்சம். போதும், நியூட்ரல் போட்டு அணைச்சிருங்க." அணைத்த பிறகுதான் கிட்டே வந்தான். இரும்புப் பின் உள்ளே போனது. இவ்வளவுதானா?

செப்டம்பர் 23, செவ்வாய்

யார் காட்டை முதலில் உழுவது என்று காலையில் சண்டை. "அக்கா காட்ட மொதல்ல ஓட்டுங்க" என்றான். "ஒன் காடு சரளை மண்ணு, சீக்கிரம் காஞ்சுரும், அத மொதல்ல ஓட்டுவோம்" என்றேன். சத்தம் போட்டுக்கொண்டோம். மூன்று வருஷப் பாக்கி அல்லவா. செல்லத்தாய் வந்து, "ஈரம் போகுது" என்று ஒரே வார்த்தை சொன்னாள். கிளம்பினோம்.

அவன் ஓட்டினான். நான் வெளியே கூடவே நடந்தேன். பேசிக்கொண்டே போனோம். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் ஜெயித்தது எனக்குத் தெரியாது. எங்கள் மகள் அஸ்வினிக்கு மதுரையில் வேலை கிடைத்ததை அவனுக்கு அக்கா பாதிதான் சொல்லியிருந்தாளாம். என் வீட்டுக் கிணற்று மோட்டார் கதை, அவன் மாடு கன்று போட்ட கதை. போய்க்கொண்டே இருந்தோம்.

ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"மச்சான், வரப்பு எங்க?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் எல்லாம் ஒரே பொலபொல மண். அவன் காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் இருந்த வரப்பை ரொட்டவேட்டர் தூளாக்கிவிட்டிருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டிராக்டருக்குச் சந்தனம், பொட்டு, மாலை. சுபலட்சுமி சின்னம்மா பரவையிலிருந்து வாங்கி வந்த மாலை. இந்த முறை அழவில்லை.

சோளமும் மொச்சையும் முளைத்துவிட்டன. சர்வேயரை வைத்து அளந்து வரப்பைப் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் இருவரும் காட்டில் நின்றோம். சோளம் தலைக்கு மேல். நடுவே மொச்சை பூத்துக் கிடக்கிறது. எது யாருடைய வரிசை என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சர்வேயர் போன் செய்தார். "எப்ப வரட்டும்?" என்றார்.

மாப்ளயைப் பார்த்தேன்.

"மழ விடட்டும் மச்சான்" என்றான்.

"மழ விடட்டும் சார்" என்று போனில் சொன்னேன்.

மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது.