அம்மாவின் விளக்குக்கு இவர் சொன்ன அர்த்தம்

நவம்பர் 7, 2025, வெள்ளி

ஆட்டுக்கடா அத்தியாயத்தை ஒருவழியாக மொழிபெயர்த்து முடித்தேன். வேதாகமத்தில் சேராத ஆதிக் கிறிஸ்தவ எழுத்து. பாவநிவர்த்தி நாளில் யூதர்கள் ஒரு கடாவைப் பலியிடுவார்கள், இன்னொன்றை வனாந்தரத்துக்குத் துரத்துவார்கள். இரண்டும் இயேசுவைத்தான் குறிக்கின்றன, யூதர்களுக்குத்தான் தங்கள் வேதம் புரியவில்லை என்கிறார் எழுதியவர். என்ன சாமர்த்தியம்! வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். போதகர் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பிரசங்கத்துக்கு ஆச்சு."

நவம்பர் 9, ஞாயிறு

செய்தேவிட்டார் மனுஷன், கடாவோடு நிறுத்தாமல் கார்த்திகை தீபத்துக்கும் தாவி. "மலைமேல ஏத்துற தீபம்கூட நம்ம ஆண்டவரத்தான் காட்டுது. ஏத்துறவங்களுக்குத்தான் தெரியல." சபையே ஆமென் சொன்னது. நானும்தான்.

கடைசி பெஞ்சில் அம்மா. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்தது நான் மட்டும்தான், அம்மா அண்ணாமலையாரை விடவில்லை. அப்பா போனபின் எங்களோடு இருக்கிறாள். மகளுக்காகச் சபைக்கும் வந்து உட்காருவாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சின்ன வயசுலேர்ந்து ஏத்துறேன். எதுக்கு ஏத்துறேன்னு எனக்கே தெரியலங்கிறாரா மாப்ள?"

"உசத்தியாத்தாம்மா சொன்னாரு."

"என்னுதப் புடுங்கிக்கினு உசத்தி என்னாடி உசத்தி?" அழுதுவிட்டாள்.

நவம்பர் 10

அம்மா கீழ்பென்னாத்தூருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இனி வரமாட்டாளாம்.

நவம்பர் 18

வேலை ஓடவில்லை. 'அவர்களுக்குப் புரியவில்லை' — பக்கத்துக்குப் பக்கம் இதே வரி. முன்பு கண்ணில் படவே இல்லை. இப்ப அங்கல்லாம் அம்மா மூஞ்சிதான் தெரியுது. அந்தக் காலத்து யூதப் பொம்பள ஒருத்தி இதக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா? அவள எவன் கேட்டான்!

மூலத்தில் கை வைக்கமாட்டேன், உள்ளது உள்ளபடிதான். ஆனால் 'மறைபொருளை வெளிப்படுத்தும் நூல்' என்று பெருமையாக எழுதியிருந்த முன்னுரையைக் கிழித்துப் போட்டேன். இது ஒரு சாராரின் வாசிப்பு, அந்த வேதத்துக்கு உரியவர்கள் இன்றும் அதைத் தங்கள் வழியில் வாசித்து வாழ்கிறார்கள் என்று புதிதாக எழுதினேன்.

இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "அத்த அன்னிக்கு அழுதாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 3, புதன்

காலையில் இவரே வண்டி எடுத்துக்கொண்டு போய் அம்மாவைக் கூட்டி வந்தார். என்ன சொல்லி அழைத்தாரோ, தெரியவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றோம். உச்சியில் தீபம் தெரிந்ததும் அம்மா "அரோகரா" என்றாள் — மெதுவாகத்தான், பக்கத்து வீடெல்லாம் சபைக்காரர்கள். பிறகு சுவரோரமாக அகல்களை வைத்தாள். இந்த வீட்டில் இதுவரை ஏற்றியதில்லை. காற்று அணைத்துக்கொண்டே இருந்தது.

"மாப்ள, கொஞ்சம் கைய வெச்சி மறைங்க."

இவர் குனிந்து இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்தார். அம்மா கடைசி அகலை ஏற்றி முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை.